ஒரு நெல் உயரம்

துவாரத்துக்குள் நுழையத் தொடங்கிய பிறகு பொருளைத் திருப்பக் கூடாது. முதல் பக்கத்திலேயே விதியாகப் போட்டிருக்கிறான். தினமும் படிக்கிறேன், தினமும் அடிவயிற்றுத் தையல் ஒரு தடவை சுருக்கென்கிறது. வெளியே வைத்து எப்படி வேண்டுமானாலும் உருட்டிக்கொள், தலைகீழாகப் பிடித்துக்கொள், ஆனால் நுழைத்துவிட்டால் நேரே போக வேண்டும், ஒரு ஓரம்கூட இடிக்காமல். திரையில் இடது பக்கம் மூலை வெட்டுப்பட்ட ஒரு கட்டை, வலது பக்கம் ஐந்து ஓட்டைகள். எதன் வழியாகப் போகும் இந்தக் கட்டை? மதியம் மணி இரண்டு ஐந்து. தேனுகா தூங்கிப் பத்து நிமிடம்தான் ஆகிறது, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கினால் என் அதிர்ஷ்டம். தொண்ணூறு கேள்வி, அறுபது நிமிடம், மார்க்கை முப்பதுக்குச் சுருக்கித் தருவான். பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் வேதியியலும் உயிரியலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, இந்த வடிவக் கணக்கு ஒன்றுதான் மூன்று மாதமாக என்னை மென்று துப்புகிறது. முப்பதுக்குப் பதினாறு, பதினேழு, மறுபடி பதினாறு. கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை இது, கண்ணுக்குப் பின்னால் ஒரு கண் வேண்டும், கட்டையை அந்தரத்தில் நிறுத்தி மெல்லத் திருப்ப. பிரசவ அறையில் அந்த டாக்டரம்மாவுக்கு அப்படி ஒரு கண் இருந்திருக்கும். பத்தொன்பது மணி நேரம் கழித்து முழங்கை வரை கையுறையோடு வந்து, தலை தப்பான பக்கம் பார்க்கிறது, திருப்பிப் பார்க்கிறேன் என்றாள். திருப்பினாள். நுழையத் தொடங்கிய பிறகு திருப்பினாள். தேனுகா திரும்பவில்லை, என் வயிற்றைத்தான் கிழிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது ஓட்டை. இல்லை, மூன்றாவதில் மேடு இடிக்கும். நான்காவது. ஊரிலிருந்து என் மாமியார், அத்தை, அன்றைக்கே போனில் சொன்னார், "எங்கூட்டுப் பொம்பளைக ஒருத்திக்கும் வவுத்தக் கிழிச்சதில்ல அம்மிணி, நீ முக்கியே இருக்க மாட்ட." தாதி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தமிழ் தெரியாது, என் முகத்தைப் பார்த்து நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்தாள்.

ஆறு, ஏழு, எட்டு. இன்றைக்கு என்னவோ வேகமாகப் போகிறது. போகக் கூடாது என்று ஒரு பக்கம் நினைக்கிறேன், போகட்டும் என்று விரல் நினைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் என் கணவர், நவநீதன் மாமா, தீர்ப்புச் சொல்லிவிட்டார். நீதிபதி மாதிரி எல்லாம் இல்லை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "வியாழக்கிழமை கடைசியா ஒரு முழு டெஸ்ட் போடு. இருபது வந்துச்சுன்னா பாப்பா அம்மாகூட ஊருக்குப் போகட்டும், ஒரு வருஷம், நீ நிம்மதியாப் படி. வரலையா, இதோட விட்டுரு. பாப்பாவப் பாத்துக்கிட்டு ஊட்ல இரு. ரெண்டுல ஒண்ணு, தினமும் இந்த அழுகாச்சி எனக்கு ஆகாது." அத்தை ரசத்தைக் கலக்கி எனக்கு ஊற்றினார், அடியில் இருந்த தக்காளித் தோலெல்லாம் என் தட்டில் விழுகிற மாதிரி. சனிக்கிழமை இரவு அவருக்கு விமானம். ஆறு மாத விசா முடிகிறது. தேனுகாவுக்கு விசா போன மாதமே வந்துவிட்டது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்தது. இருபது வந்தால் குழந்தை போகும், வராவிட்டால் படிப்பு போகும். யாரையாவது கேட்டால், பெற்றவள் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பார்கள். யோசிக்க இருக்கிறது. ஏழாவது மாடி விஜிலா அவள் பையனை எட்டு மாதத்தில் அனுப்பினாள், ஒரு வருஷம் என்றுதான், வேலை, இரண்டாவது வேலை, நான்காம் வயதில் திரும்பி வந்தான். விமான நிலையத்தில் பாட்டி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இந்த ஆன்ட்டி யாரு என்று கேட்டானாம். விஜிலா சிரித்துக்கொண்டே சொன்னாள், லிஃப்ட் வரும்வரை சிரித்தாள், லிஃப்ட்டுக்குள்ளும் சிரித்தாள். பதினைந்தாவது, முடிந்தது. துவாரம் முடிந்தது. ஒன்பது நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

எண் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை நேற்றுக் குளிக்கும்போது யோசித்தேன், தண்ணீர் சூடு போதாமல் திருகிக்கொண்டிருக்கையில். கதவு சாத்தியிருக்கிறது, திரையில் வருகிற எண்ணை நான் வெளியே போய்ச் சொன்னால்தான் உண்டு. எவ்வளவு வந்தாலும் பதினேழு என்று சொல்லிவிடலாம். பதினேழு, எல்லோருக்கும் பழகின எண், யாருக்கும் சந்தேகம் வராது, மாமா சரி விடு என்பார், அத்தை உதட்டைப் பிதுக்குவார், சனிக்கிழமை பெட்டியோடு தனியே போவார், தேனுகா என் இடுப்பில் இருப்பாள். பதினேழு மாமா. பதினேழுங்கத்தை. குளியலறைக் கண்ணாடியில் ஆவியைத் துடைத்துச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. பிறகு சிஸ்டர் கன்சீலியா வந்து நின்றார். ஆறாம் வகுப்பு, வடிவியல் தேர்வு. எங்கள் கான்வென்டில் மார்க்கை டீச்சர் வாசிக்க மாட்டார்கள், ஒவ்வொருத்தியும் எழுந்து தன் மார்க்கைத் தன் வாயால் சத்தமாகச் சொல்ல வேண்டும், அது ஆத்துமாவுக்கு நல்லதாம். முப்பத்தெட்டை நாற்பத்தெட்டு என்றேன். சிஸ்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார், கோபமே படவில்லை, என் முதுகில் முப்பத்தெட்டு என்று எழுதின தாளை ஊசியால் குத்தி மாதா சிலை இருக்கிற கெபி முன்னால் சரளைக்கல்லில் முழங்கால் போட வைத்தார், மதிய மணி வரைக்கும். எல்.கே.ஜி பிள்ளைகள் வரிசையாகப் போகும்போது எண்ணை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அதற்கப்புறம் பிளஸ் டூ வரை, இங்கே வந்து பட்டம் முடிக்கிற வரை, மார்க் என்ன என்று யார் கேட்டாலும் என் வாய் என்னைக் கேட்காது. எண் தானாகக் குதித்து வெளியே நிற்கும். இந்தத் தடவை குதிக்காது, பதினேழு. மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டம், முன்னாலிருந்து பார்த்தால் முக்கோணம், பக்கத்திலிருந்து எப்படித் தெரியும்? ஆ. அடுத்தது. புள்ளிக் கோடு என்றால் உள்ளே மறைந்திருக்கிற விளிம்பு. இ. பதினேழு.

கோணம் வந்துவிட்டது. நான்கு கோணங்களைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசைப்படுத்து. இரண்டு டிகிரி, மூன்று டிகிரிதான் வித்தியாசம் வைப்பான் பாவி. போன மாதம் இதைத்தான் இரவும் பகலும் செய்துகொண்டிருந்தேன், கதவிடுக்கு, கத்தரிக்கோல், தேனுகா உட்கார்ந்து கால் விரிக்கிறது, எதைப் பார்த்தாலும் கோணம், எனக்குக் கண் திறந்துவிட்டது என்று ஒரு திமிர். அந்தத் திமிரோடுதான் காது குத்தப் போனோம். முதலில் என் தம்பி மடியில் உட்கார வைத்து ஊரில் குத்தலாம் என்றிருந்தது. அத்தைதான், "நான் போறதுக்குள்ள என்ற கண்ணால பாக்கோணும்" என்று பிடிவாதம் பிடித்து இங்கே ஒரு நகைக்கடைக்கு இழுத்துப் போனார். தம்பி ஈரோட்டிலிருந்து வீடியோவில், தாய்மாமன் மடிக்குப் பதிலாக அத்தை மடியில் ஒரு போன். கடைக்காரர் யாழ்ப்பாணத்து மனிதர், மையால் இரண்டு மடலிலும் புள்ளி வைத்துவிட்டு, "தாய் ஒருக்கா வடிவாப் பாருங்கோ, ரெண்டும் நேரா நிக்குதோ எண்டு. குத்தினாப் பிறகு என்னைக் கேக்கக் கூடாது" என்றார். தாய் பார்த்தாள். தாய்க்குத்தான் கண் திறந்திருக்கிறதே. வலது புள்ளி சற்றுக் கீழே இருக்கிறது, கொஞ்சம் மேலே வையுங்க என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், "நான் சரியாத்தான் வச்சனான்" என்றார், நான் இல்லைங்க என்று உறுதியாகச் சொன்னேன், துடைத்து மேலே வைத்தார். குத்தினார். தேனுகா மூச்சடக்கி, நீலம் பாய்ந்து, பிறகு கத்தினாள். வீட்டுக்கு வந்து நிமிர்த்தி உட்கார வைத்த பிறகுதான் தெரிந்தது, கடையில் அவள் அத்தை தோளில் தலையைச் சாய்த்திருந்திருக்கிறாள். சாய்ந்த தலையில் நான் நேர் பார்த்திருக்கிறேன். வலது தோடு மேலே ஏறி நின்றது. அத்தை விரலை வைத்து அளந்தார், "ஒரு நெல்லு உசரம்" என்றார். அப்புறம் போனில் ஊரெல்லாம் சொன்னார், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே சொன்னார். "ரெண்டு காதுல நேரா பொட்டு வெக்கக் கண்ணில்லாதவ, ஊரார் வாயில பல்லுப் பல்லா ஓட்ட போடப் போறாளாமா." அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, அதுதான் ஆத்திரம். இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று. சரி. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. சரி. இன்றைக்கு எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, அன்றைக்குத் தெரியாதது.

அழுகை. இல்லை, தண்ணீர்க் குழாய். இல்லை, அழுகைதான். நாற்பத்தாறாவது கேள்வி, காகிதம் மடிப்பு ஆரம்பம், மணி இரண்டு முப்பத்தாறு. அதற்குள் எழுந்துவிட்டாள். இந்தத் தேர்வை நிறுத்தி வைக்க முடியாது, எழுந்து போனால் ஓடிக்கொண்டே இருக்கும். அத்தை பார்த்துக்கொள்வார். ஒரு காகிதத்தை வலமிருந்து இடமாக மடித்து, மறுபடி மேலிருந்து கீழாக மடித்து, ஒரு ஓட்டை குத்துகிறார்கள், பிரித்தால் எங்கெங்கே ஓட்டை இருக்கும்? அத்தை பார்த்துக்கொள்ளவில்லை. செருப்புச் சத்தம் கூடத்திலேயே நடக்கிறது, தொட்டில் பக்கம் போகவில்லை. பிறகு கதவுக்கு மிக அருகில், எனக்கென்றே, "அழுவாத சாமி. உங்கம்மா படிக்கறா. உங்கம்மாளுக்கு நாம வேண்டாமாமா." எப்போதோ தூக்கிவிட்டார், தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார், கதவுக்கு அந்தப் பக்கம், அழுகை என் காதில் விழுகிற இடமாகப் பார்த்து. நான்கு ஓட்டை, நான்கு மூலைக்கும் ஒன்று. அடுத்தது. அழுகை மேலே ஏறுகிறது, நடுவில் ஒரு விக்கல், மறுபடி ஏறுகிறது. மாரில் ஆயிரம் ஊசி ஒரே நேரத்தில் இறங்கினாற்போல, பால். கையால் அழுத்திப் பிடிக்கிறேன், நிற்கவில்லை. பத்து மாதமாக இந்த உடம்பு அவள் சொன்னதைத்தான் கேட்கிறது, என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை. எழுந்திரு. எழுந்து கதவைத் திற. மூன்றே அடி. குறுக்காக மடித்தால் ஓட்டை எதிர்மூலைக்குப் போகும், உ. எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தேன், வெளிர்நீலக் குர்தியில் இரண்டு ஈர வட்டம், நடுப் பட்டனிலிருந்து சம தூரத்தில், ஒரு நெல்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல். மடித்துக் குத்திப் பிரித்த காகிதம். சரியான விடை. எனக்குப் பயமாக இருக்கிறது, அழுகிறதே என்று இல்லை, அழுகை கேட்கக் கேட்கக் கண் இன்னும் கூர்மையாகிறதே என்று. ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஒன்றிலும் தயங்கவில்லை. பயந்த பிராணிக்கு இருட்டில் கண் தெரியுமாமே, அப்படியா. அல்லது இதுதான் நானா. அவள் ஊருக்குப் போய்விட்டால் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கலாம் என்று போன வாரம் ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் வாயைக் கழுவினேன், நினைப்புக்கு வாயைக் கழுவி என்ன பிரயோசனம். மறுநாளும் வந்தது. யாரோ ஓர் ஆளின் வாயைத் திறந்து, விளக்கைச் சாய்த்து, மேல் வரிசையில் கடைசிக்கு முந்தின பல்லில் ஒரு கருப்புப் புள்ளியைக் கண்டுபிடித்து, மரத்துப் போக ஊசி போட்டு, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லும் இன்னொரு நான், ஒரு டாக்டர் சுகிர்தா. அவள் கையில் பால்வாசம் இல்லை. அவளுக்கு யாருமே இல்லை. அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அழுகை நின்றுவிட்டது. பட்டென்று, சுவிட்சை அணைத்தது போல. பதினொரு நிமிடம் அழுதிருக்கிறாள். ஏன் நின்றது? திராட்சை எதையாவது முழுசாகக் கொடுத்துவிட்டாரா, தொண்டையில் மாட்டி, மூச்சுக்குழாய் சுண்டுவிரல் அகலம்தானே, திராட்சை நுழையும், திரும்பாது. காது தீட்டிக் கேட்கிறேன். சிரிப்பு. தேனுகா சிரிக்கிறாள். அத்தை வாயால் ஏதோ சத்தம் போடுகிறார், அதற்குச் சிரிக்கிறாள், கெக்கெக்கென்று, என்னிடம் சிரிக்காத ஒரு சிரிப்பு. கட்டைகளை எண்ணு. அடுக்கி ஒட்டி, வெளியே தெரிகிற பக்கமெல்லாம் வண்ணம் அடித்திருக்கிறார்கள், தரையில் படுகிற பக்கத்துக்கு மட்டும் வண்ணம் கிடையாது. இரண்டு பக்கம் வண்ணம் பட்ட கட்டைகள் எத்தனை? ஏழு. மூன்று பக்கம்? நான்கு. பின்னால் மறைந்திருக்கிற கட்டையை மறக்கக் கூடாது, மேலே ஒன்று நிற்கிறதென்றால் கீழே ஒன்று தாங்கிக்கொண்டிருக்கும், தெரியாவிட்டாலும். மணி இரண்டு ஐம்பத்தைந்து. கழுத்து வலிக்கிறது, ஒரு தடவை பின்னால் சாய்த்தேன், அப்போதுதான் அலமாரி கண்ணில் பட்டது. கீழ் அறை ஒரு சாண் திறந்திருக்கிறது. தேனுகாவின் துணி அறை. காலையில் நான் மூடினேன். சாய்ந்தபடியே பார்க்கிறேன், கோணம் சரியில்லை, நாற்காலியை ஓர் அங்குலம் தள்ளிப் பார்க்கிறேன். காலி. மஞ்சள் ஸ்வெட்டர் இல்லை, யானை போட்ட இரவுச்சட்டை இல்லை, சாக்ஸ் வைக்கிற பிஸ்கட் டப்பா இல்லை. அடியில் விரித்த காகிதம் மட்டும், அதில் துணி இருந்த இடம் வெளுக்காமல் சதுரம் சதுரமாக. நான் பகல் சாப்பாடு சாப்பிடும்போது எடுத்திருக்கிறார். பரீட்சை ஆரம்பிக்கிறதற்கு முன்னாலேயே. அப்படியானால் இருபது வரும் என்று நம்பியிருக்கிறார். இந்த வீட்டில் என்னை நம்பின ஒரே ஆள். எனக்கு வெறி வந்தது, சிரிப்பு வந்தது, கடைசிப் பதினைந்து கேள்வி, விரித்துப் போட்ட அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி வரும். மடித்தேன். மடித்து மடித்துப் போட்டேன். அட்டைகள் காற்றில் எழுந்து தாமாக ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மஞ்சள் ஸ்வெட்டர்.

எழுபது நொடி மிச்சம். சமர்ப்பி. ஒரு சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது. இருபத்திரண்டு. என் வாழ்நாளில் வராத எண். திரையைத் தொட்டுப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி. பிறகு மூடிவிட்டேன். பதினேழு. நெஞ்சுக்கு முன்னால் துண்டை வைத்து ஈரத்தை மறைத்துக்கொண்டேன். பதினேழு, பதினேழுங்கத்தை, முகத்தைத் தொங்கப்போடு, கண்ணை நிமிர்த்தாதே, பதினேழு. கதவைத் திறந்தேன். கூடத்தில் பெட்டி விரிந்து கிடக்கிறது, மேலே பருப்புப்பொடி டப்பாக்கள், மிட்டாய், ஓரத்தில் மஞ்சள் தெரிகிறது. அத்தை சோபாவில். தேனுகா அவர் தோளில், கன்னத்தைப் பதித்து. மேசையில் போன், ஒலிபெருக்கி போட்டிருக்கிறது, மாமா வேலையிடத்து இடைவேளையில், பின்னால் யாரோ தட்டை வைக்கிற சத்தம். "வந்துட்டாடா" என்று அத்தை போனுக்குச் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக, இரக்கமாக, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, "விடு அம்மிணி, எல்லாருக்குமா மண்டைல ஏறும். அதேதான? பதினாறா பதினேழா, எத்தன மார்க்கு?" என்றார்.

"இருபத்திரண்டு."

கணீரென்று சொன்னேன். முதுகு நிமிர்ந்து, கைகள் பக்கவாட்டில் ஒட்டி, வகுப்பின் கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி. துண்டு தரையில் விழுந்து கிடந்தது. "ஏய், நெஜமாவா? இருபத்திரண்டா?" மாமாவின் குரலில் சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது, சந்தோஷம்தான். "பரவால்லையே. சரி, சாயந்தரம் வந்து பாப்பாவுக்கு டிக்கெட் போட்டர்றேன்." பதினேழு என்று சொல்ல வாயைத் திறந்தேன். தப்பாகப் பார்த்துவிட்டேன், வேறு பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், ஆயிரம் இருக்கிறது சொல்ல. நாக்கு சரளைக்கல் மேல் முழங்கால் போட்டு நின்றது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வியப்பு இல்லை. கடையில் விலை கேட்டு, தான் நினைத்த விலைக்கே படிந்துவிட்ட ஆளின் முகம். "கெட்டிக்காரி" என்றார். எழுந்து, குழந்தையை ஒரு கையால் தோளில் அணைத்தபடி குனிந்து, மறு கையால் பெட்டியின் மூடியைக் கவிழ்த்தார். "பாப்பாவக் குடுங்கத்தை, பால் கட்டிருக்கு" என்றேன், கையை நீட்டினேன். "இப்பத்தான் புட்டிப்பால் குடிச்சா. பழகட்டும், இன்னி ரெண்டு நாள்தான இருக்குது." தேனுகா என் குரல் கேட்டுத் தலையைத் தூக்கினாள், பார்த்தாள், என் மார்பின் இரண்டு ஈர வட்டங்களையும் பார்த்தாள், மறுபடி அந்தப் பக்கம் திரும்பி அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெட்டியின் ஜிப் மூன்று பக்கமும் சுற்றி வந்து நின்றது. பின்னாலிருந்து எனக்கு அவள் தலை தெரிகிறது, இரண்டு காது தெரிகிறது. இந்தத் தடவை தலை சாயவில்லை, நேராகத்தான் இருக்கிறது. வலது தோடு மேலே. மூன்று டிகிரி. இரண்டரை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் மூன்றுதான்.